அளக்காத திரவம்

அரக்கோணத்தில் அழுத்தத்தை நம்பாத பெரிய தொழில் எதுவும் இல்லை. சந்திப்புக்குள் வரும் ஒவ்வொரு ரயிலும் அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டுதான் நிற்கிறது. இச்சிபுத்தூர் எம்.ஆர்.எஃப். ஆலையில் பச்சை ரப்பர் டயராக உருவெடுப்பது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும். 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் பி-8ஐ ரோந்து விமானங்கள் நிற்கின்றன. அவற்றின் சக்கரங்களை மடக்கி விரிப்பது ஹைட்ராலிக் எண்ணெய். அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்னும் நம் பட்டறைக் கணக்கில் சுமார் 210 கிலோ.

இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவான ஒரு கருவி பிரஷர் கேஜ். வட்ட முகம், எண்கள், ஒரு முள். சில கேஜ்களின் கண்ணாடிக்குப் பின்னால் தெளிவான, கனத்த திரவம் ஒன்று நிற்கும். அதன் மேல்புறம் ஒரு காற்றுக் குமிழ் இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் அழுத்தத்தைக் காட்டுவதே அந்தத் திரவம்தான் என்று எண்ணுவார்கள். இன்னும் சிலர் குழாயிலிருந்து ஏதோ கசிந்து உள்ளே வந்துவிட்டதாகப் பயப்படுவார்கள். இரண்டும் தவறு. அந்தத் திரவத்துக்கும் குழாயில் ஓடும் பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது எதையும் அளப்பதுமில்லை. அளக்காத ஒன்றைக் காசு கொடுத்து ஏன் நிரப்புகிறார்கள், எதை நிரப்புவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

நசுங்கிய குழாய் தந்த கருவி

யூஜீன் பூர்டோன் பாரிஸில் கடிகாரமும் நீராவி எஞ்சின்களும் செய்துவந்தவர். ஒருமுறை எஞ்சினுக்காகச் செய்த சுருள் குழாய் நசுங்கிவிட்டது. அதை நிமிர்த்த ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாக நீரை அழுத்திச் செலுத்தினார்கள். நசுங்கிய பகுதி உப்பத் தொடங்கியதும் சுருளும் மெல்ல விரிந்தது. அழுத்தம் கூடக் கூட விரிவும் கூடியது. அப்படியானால் விரிவை அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். 1849இல் பூர்டோன் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. கொதிகலன் வெடிக்காமல் காப்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த நீராவிக் காலத்தில் பூர்டோனின் கருவி உலகெங்கும் பரவியது.

இன்றைய கேஜுக்குள்ளும் அதே குழாய்தான் இருக்கிறது. தட்டையான குறுக்குவெட்டு கொண்ட உலோகக் குழாய், முக்கால் வட்டமாக வளைந்திருக்கும். ஒரு முனை அழுத்தம் வரும் வழி, மறுமுனை அடைபட்டது. அழுத்தம் ஏறும்போது அடைபட்ட முனை சில மில்லிமீட்டர் நகரும். அந்தச் சிறு நகர்வைப் பற்சக்கரங்கள் பெருக்கி, முள்ளை 270 டிகிரி வரை சுழற்றும். ஒரு நுணுக்கத்தை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் உணர்வது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் தன்னைச் சுற்றி இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. திரவம் நிரப்பிய கேஜில் வரும் சிக்கல் ஒன்றுக்கு இதுதான் வேர்.

முள் ஏன் ஆடக் கூடாது

ரயிலின் பிரேக் குழாயில் காற்று 5 கிலோ அழுத்தத்தில் நிற்கும். லோகோ பைலட் அதில் அரை கிலோ குறைத்தாலே பெட்டிகளில் லேசான பிரேக் பிடித்துவிடும். பூஜ்யத்துக்கு இறக்கினால் அவசர பிரேக். அந்த அரை கிலோவைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கேஜின் முள், இருபுறமும் அரை கிலோ நடுங்கிக்கொண்டிருந்தால் அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

நடுக்கம் இரண்டு வழிகளில் வருகிறது. கேஜ் பொருத்தப்பட்ட இயந்திரமே அதிர்வது ஒன்று. உள்ளே வரும் அழுத்தமே துடிப்பது இன்னொன்று. பிஸ்டன் கம்ப்ரசரும் ஹைட்ராலிக் பம்பும் இரண்டையும் சேர்த்தே தருகின்றன. மின் எஞ்சினின் கம்ப்ரசர் பிரதான காற்றுத் தொட்டியின் அழுத்தம் 8 கிலோவுக்கு இறங்கும்போது ஓடத் தொடங்கி, ஒன்றரை கிலோ போல ஏற்றிவிட்டு நிற்கும். ஓடும் நேரமெல்லாம் அதைச் சுற்றியுள்ள இரும்பு அனைத்தும் அதிரும். அந்த அதிர்வெண் குழாயும் முள்ளும் சேர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு வந்து, முள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் துடிக்கும்.

படிக்க முடியாமல் போவது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் தேய்மானம். எப்போதும் 5 கிலோ காட்டும் கேஜில் பற்சக்கரத்தின் அதே இரண்டு மூன்று பற்கள்தான் நாள் முழுவதும் உரசிக்கொள்கின்றன. அந்த இடத்தில் மட்டும் பல் தேய்ந்து பள்ளமாகும். பிறகு உண்மையான அழுத்தம் மாறினாலும் முள் பள்ளத்திலேயே தங்கிவிடும். கேஜ் நின்றுபோயிருந்தால் யாராவது கவனித்து மாற்றிவிடுவார்கள். சரியாக ஓடுவதுபோலத் தோன்றிக்கொண்டே தவறான எண்ணைக் காட்டும் கேஜ்தான் ஆபத்து.

இங்கேதான் திரவம் வருகிறது. திருத்தணி அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தவர்களுக்கு இதன் இயற்பியல் உடம்பாலேயே தெரியும். நிதானமாக நடந்தால் நீர் வழிவிடும். ஓட முயன்றால் பிடித்து நிறுத்தும். பாகுநிலை கொண்ட திரவம் தரும் தடை, அதில் நகரும் பொருளின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடினால் தடை கூடும், வேகம் பூஜ்யமானால் தடையும் பூஜ்யம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘தடையுறு அலைவுகள்’ என்று படிப்பது இதைத்தான்.

திரவம் அளவைக் கெடுக்காததற்குக் காரணமும் இந்த விதியிலேயே இருக்கிறது. நொடிக்குப் பல முறை துடிக்கும் முள்ளைத் திரவம் அடக்குகிறது. அழுத்தம் நிஜமாகவே 5லிருந்து 4.5க்கு இறங்கும்போது முள் நிதானமாக நகர்கிறது, திரவம் வழிவிடுகிறது. முள் புதிய இடத்தில் நின்றபின் தடை என்று ஒன்று இல்லை. ஆகவே திரவம் உள்ள கேஜும் இல்லாத கேஜும் கடைசியில் ஒரே எண்ணில்தான் நிற்கும்.

கூடவே இரண்டு லாபங்கள். பற்சக்கரங்களுக்கு ஓயாத மசகு கிடைக்கிறது. பெட்டி அடைத்து மூடப்படுவதால் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் ஆலைத் தூசியும் உள்ளே போவதில்லை. கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளி படிவதுமில்லை.

கிளிசரினின் தகுதி

தடுக்க வேண்டும் என்றால் எந்தக் கெட்டித் திரவமும் போதுமே? பட்டறைகளில் ‘கிளிசரின் கேஜ்’ என்றே பெயர் நிலைத்துவிட்ட அளவுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது ஏன்? 20 டிகிரியில் தூய கிளிசரினின் பாகுநிலை தண்ணீரைப்போல ஏறத்தாழ 1,400 மடங்கு. ஒரு கைப்பிடியளவு பெட்டிக்குள் துடிப்பை அடக்க அது தாராளம். நிறமில்லாதது. அதன் ஒளிவிலகல் எண் 1.47, கண்ணாடியின் 1.5க்கு மிக அருகில் இருப்பதால் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. நஞ்சு இல்லை. சிந்தினால் தண்ணீரில் கழுவிவிடலாம். சோப்புத் தயாரிப்பின் உபரியாகக் கிடைப்பதால் விலையும் குறைவு.

தூய கிளிசரினின் உறைநிலை சுமார் 18 டிகிரி. குளிர்காலக் காலையில் அரக்கோணத்திலேயே வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கலாம். ஆனால் கிளிசரின் எளிதில் படிகமாகாது, உறைநிலைக்குக் கீழும் திரவமாகவே நிற்கும். குளிரான ஊர்களுக்கு நீர் கலந்து நிரப்புகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிளிசரினும் ஒரு பங்கு நீரும் சேர்ந்த கலவை சுழியத்துக்குக் கீழே 46 டிகிரி வரை உறையாது. பாகுநிலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறையாமையை வாங்குகிறோம்.

மே மாதத்துக் கணக்கு

கிளிசரினின் பலவீனம் வெப்பம். 20 டிகிரியில் தண்ணீரைவிட 1,400 மடங்கு என்று சொன்ன பாகுநிலையை அதே அலகில் தொடர்ந்து பார்த்தால், 30 டிகிரியில் 610, 40இல் 280, 60இல் 80. எதிர்த்திசையில், 0 டிகிரியில் 12,000. விவரப்பட்டியல்கள் பொதுவாக 20 டிகிரியில் கேஜின் குணத்தைச் சொல்கின்றன. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் அரக்கோணத்தில் அதே கிளிசரினுக்கு ஐந்தில் ஒரு பங்கு பிடிப்புத்தான் மிஞ்சும். வெயிலில் நிற்கும் கம்ப்ரசர் அறைத் தகரத்தின் கீழ் இன்னும் குறையும்.

சிலிக்கோன் எண்ணெய் இந்த விஷயத்தில் நிதானமானது. 38 டிகிரியிலிருந்து 99 டிகிரி வரை சூடாக்கினாலும் அது தன் பாகுநிலையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தக்கவைத்துக்கொள்ளும். கிளிசரினுக்கு அதே தூரத்தில் இருபதில் ஒரு பங்குதான் மீதி. காரணம் மூலக்கூறில் இருக்கிறது. கிளிசரின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவை ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதே அதன் கெட்டித்தன்மை. வெப்பம் அந்தப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. சிலிக்கோனின் கெட்டித்தன்மை நீண்ட, வளைந்து கொடுக்கும் சங்கிலிகளிலிருந்து வருவது. அந்தச் சங்கிலிகளுக்கு இடையே ஈர்ப்பு முதலிலேயே குறைவு, வெப்பம் அறுப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. கடுங்குளிரிலும் வெப்பநிலை ஏறி இறங்கும் இடங்களிலும் சிலிக்கோனைத் தேர்வதற்கு இதுவே காரணம். விலை அதிகம் என்பதால் எல்லா இடத்துக்கும் அது போவதில்லை.

குழாயில் வரும் பொருளின் வெப்பமும் கணக்கில் சேர வேண்டும். உலர் கேஜ் ஒன்று 200 டிகிரி வரை தாங்கும் என்றால், அதே வகைக் கேஜில் திரவம் நிரப்பியதும் பல தயாரிப்பாளர்கள் அதை 100 டிகிரிக்கு இறக்கிவிடுகிறார்கள். டயர் வேகும் அச்சுக்குச் செல்லும் நீராவி 150 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே கேஜை நேரடியாகப் பொருத்தாமல், இடையில் பன்றிவால் போல ஒரு சுற்றுச் சுற்றிய சைஃபன் குழாய் வைப்பார்கள். அதில் குளிர்ந்து தேங்கும் தண்ணீர் நீராவியைக் கேஜுக்குள் விடாமல் தடுத்து, அழுத்தத்தை மட்டும் கடத்தும். நீராவி எஞ்சின் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது.

குமிழுக்கும் ஒரு வேலை

திரவம் முழுக்க நிரம்பாமல் மேலே ஒரு குமிழ் இருப்பது குறையன்று. வெப்பத்தில் கிளிசரின் விரிவதற்கு இடம் வேண்டும். ஒரு சிறு கணக்கு. 95 மில்லி கிளிசரின், 5 மில்லி காற்று, அசையாத இறுக்கமான பெட்டி. நிரப்பியபோது 25 டிகிரி, இப்போது 55 டிகிரி. கிளிசரின் ஒரு டிகிரிக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு விரியும், 30 டிகிரிக்கு ஏறத்தாழ 1.4 மில்லி. 5 மில்லி இடத்தில் இருந்த காற்று இப்போது 3.6 மில்லியில் நெருக்கப்படுகிறது, சூடும் ஆகிறது. பாயில், சார்லஸ் விதிகளை வைத்துப் பார்த்தால் பெட்டிக்குள் அழுத்தம் அரை கிலோவுக்குச் சற்று மேல் ஏறியிருக்கும்.

குழாய் உணர்வது வித்தியாசத்தை மட்டுமே என்று முன்பு பார்த்தோம். வெளியே அரை கிலோ ஏறினால் முள் அரை கிலோ குறைத்துக் காட்டும். 10 கிலோ கேஜில் அது நூற்றுக்கு ஐந்து பிழை. 400 கிலோ ஹைட்ராலிக் கேஜில் ஒரு பொருட்டே இல்லை.

உயரமும் இதே வேலையைச் செய்யும். சென்னையில் அடைத்து மூடிய கேஜை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்குக் கொண்டுபோனால், பெட்டிக்குள் சென்னையின் காற்றழுத்தம் அப்படியே இருக்கும். வெளியே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான அளவு இறங்கியிருக்கும். அந்த அளவு முள் குறைத்துக் காட்டும். 2.5 கிலோ கேஜில் அது பத்தில் ஒரு பங்குக்கு நெருங்கிய பிழை.

இதற்குத்தான் பெட்டியின் தலையில் ரப்பர் மூடியோ சிறு திருகோ வைத்திருக்கிறார்கள். கேஜை நிமிர்த்திப் பொருத்திய பிறகு அதைத் திறந்துவிட வேண்டும், அல்லது தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் நுனியை வெட்டிவிட வேண்டும். குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ்களில் இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விடுவது பலரும் செய்யும் பிழை. கசியுமோ என்ற பயத்தில் மூடியை இன்னும் இறுக்கி வைப்பது அதைவிடப் பெரிய பிழை.

கிளிசரின் போகக் கூடாத இடங்கள்

இதுவரை பார்த்தது வசதி, துல்லியம் பற்றியது. இனி வருவது உயிர் பற்றியது. கேஜுக்குள் திரவமும் குழாயில் ஓடும் பொருளும் தனித்தனியே இருப்பது பூர்டோன் குழாய் முழுசாக இருக்கும்வரைதான். உலோகம் சோர்ந்து அது வெடித்தால் இரண்டும் நொடியில் கலந்துவிடும். ஆகவே திரவத்தைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இவை இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதே.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளின் மேல் சில துளி கிளிசரின் விட்டால், தீக்குச்சியே இல்லாமல் சில நொடிகளில் தீப்பிடித்து எரிவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். நைட்ரிக் அமிலமும் கிளிசரினும் வினைபுரிந்தால் கிடைப்பது நைட்ரோகிளிசரின். நீலகிரியின் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை தன் பெயரில் தாங்கிய வெடிமருந்தின் முக்கியக் கூறு அது. ஆக்சிஜன் ஏற்றும் பொருள் எதையும் கிளிசரினுக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்பதற்கு இவை போதும்.

அழுத்தப்பட்ட ஆக்சிஜன் இந்தப் பட்டியலில் முதலிடம். நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் 100 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். வால்வைச் சட்டென்று திறந்தால், கேஜ் வரை உள்ள சிறு இடைவெளியில் வாயு நொடியில் நெருக்கப்பட்டுக் கடுமையாகச் சூடாகும். அங்கே கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாலும் பற்றிக்கொள்ளும். மருத்துவமனையிலோ, விமானத் தளத்திலோ, வெல்டிங் பட்டறையிலோ ஆக்சிஜன் கேஜின் முகத்தில் எண்ணெய் கூடாது என்ற எச்சரிக்கை இருப்பது இதனால்தான். அங்கே கிளிசரினும் கூடாது, சிலிக்கோனும் கூடாது. குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு குழாய்களுக்கும் இதே விதி. உலர் கேஜ் போதும் என்றால் உலர் கேஜே நல்லது. அதிர்வு அதிகமாகித் திரவம் தேவைப்பட்டால், குளோரினும் ஃபுளோரினும் சேர்ந்த, எரியாத மந்தத் திரவங்களை மட்டும் நிரப்புவார்கள். அவற்றின் விலை அதிகம், அதைச் சேமிக்க நினைப்பதுதான் தவறு.

மின் தொடர்பு முனைகள் உள்ள கேஜ்கள் உண்டு. குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் மோட்டாரை நிறுத்த உதவுபவை. கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தால் மின்சாரத்தைக் கடத்தும். அங்கே மின்கடத்தாத எண்ணெய்தான் சரி.

சிலிக்கோனுக்கும் தடைசெய்யப்பட்ட இடங்கள் உண்டு. அது எதன் மேல் படிந்தாலும் அடுத்த பூச்சை ஒட்டவிடாது. வாகன வண்ணப்பூச்சுக் கூடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிலிக்கோன் இருந்தாலும் பெயின்டில் சிறு பள்ளங்கள் விழும். டயர் தொழிலில் இதன் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். டயரை உள்ளிருந்து அழுத்தும் ரப்பர்ப் பை, வெந்த டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் விடுபடுவதற்குச் சிலிக்கோன் கலந்த பூச்சுத்தான் உதவுகிறது. அதே சிலிக்கோன் டயரின் அடுக்குகளைச் சேர்க்கும் இடத்தில் படிந்தால் அடுக்குகள் ஒட்டாது. ஒரே தொழிலில் ஒரு கட்டத்துக்குத் தேவையான பொருள் இன்னொரு கட்டத்துக்கு எதிரி. உடைந்த கேஜிலிருந்து சிந்தும் நான்கு சொட்டுக்கும் இது பொருந்தும்.

அளவில் பங்கேற்கும் திரவம்

தலைப்புக்கு ஒரு விதிவிலக்கு. ராணிப்பேட்டை மாவட்டத்தின் தோல் பதனிடும் கூடங்களின் கழிவுநீரில் சுண்ணாம்பும் சேறும் மிதக்கும். அது நேராகப் பூர்டோன் குழாய்க்குள் போனால் அடைத்துக்கொள்ளும், அரிக்கும். இத்தகைய இடங்களுக்கு மெல்லிய உலோகத் தகடு ஒன்றைத் தடுப்பாக வைத்து, தகட்டுக்கும் கேஜுக்கும் இடையே திரவம் நிரப்புவார்கள். கழிவுநீர் தகட்டைத் தள்ளும், தகடு திரவத்தைத் தள்ளும், திரவம் குழாயை விரிக்கும். பாஸ்கல் விதி.

இங்கே திரவம் அளவின் பங்காளி. ஆகவே எதிர்பார்ப்பும் வேறு. ஒரு காற்றுக் குமிழ்கூட இருக்கக் கூடாது, இருந்தால் தகட்டின் தள்ளல் குமிழை நெருக்குவதிலேயே வீணாகும். பாகுநிலை அதிகமாகவும் கூடாது, இருந்தால் அழுத்தம் தாமதமாக வந்து சேரும். வெப்பத்தில் அதிகம் விரியக் கூடாது, விரிந்தால் அழுத்தமே இல்லாதபோதும் முள் நகரும். பால் பண்ணைக் குழாய் என்றால் உணவுக்கு ஏற்ற கிளிசரினோ தாவர எண்ணெயோதான் நிரப்ப வேண்டும். தகடு கிழிந்தால் அது போய்ச் சேருவது நாம் குடிக்கும் பாலில்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

திரவம் தீர்க்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அது முள்ளை அமைதிப்படுத்தும், உள்ளே வரும் அழுத்தத் துடிப்பைக் குறைக்காது. முள் அசையாமல் நின்றாலும் பூர்டோன் குழாய் ஒவ்வொரு துடிப்பையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும், நாளடைவில் விரிசல் விடும். பம்ப் துடிப்பு பலமாக இருந்தால் கேஜின் வாயிலேயே துடிப்பைக் குறைக்கும் நுண்துளை அடைப்பானையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். அதிர்வே இல்லாத நீர்த்தொட்டிக் குழாய்க்கு உலர் கேஜ் போதும், கிளிசரினுக்குக் கொடுக்கும் காசு வீண்.

பிரஷர் கேஜ்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3624. அந்த முத்திரையைப் பார்ப்பதோடு நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அதிர்வு உண்டா? சுற்றுப்புறமும் குழாயும் எவ்வளவு சூடாகும், எவ்வளவு குளிரும்? அருகில் மின் தொடர்போ வண்ணப்பூச்சோ உணவோ இருக்கிறதா? குழாய் உடைந்தால் எது எதோடு கலக்கும்? பொருத்திய பிறகு திரவம் குறைந்தால், கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றி நிரப்பாதீர்கள். முன்பு என்ன இருந்தது, குழாயில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ஊற்றும் எண்ணெய், ஆக்சிஜன் கேஜாக இருந்தால் தீயாக முடியும். கசியும் கேஜை மாற்றிவிடுங்கள். ஒரு கேஜின் விலை, அது காவல் காக்கும் எந்த இயந்திரத்தின் விலையையும்விடக் குறைவு.